உடம்பைத் தொடும் துணி, காற்றைத் தொடும் துணி

சைக்கிள் ஓட்டுவதற்கென்றே தைத்த அரைக்கால்சட்டை 1,500 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 20,000 ரூபாயைத் தாண்டியும் விற்கிறது. இரண்டும் கறுப்பு. இரண்டிலும் நைலானோ பாலியெஸ்டரோ லைக்ராவோடு கலந்திருக்கும். இரண்டிலும் உட்காரும் இடத்தில் மெத்தை உண்டு. தள்ளி நின்று பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. பத்து மடங்குக்கு மேல் விலை வைக்கும்படி அதில் அப்படி என்ன இருக்கிறது என்ற கேள்வி, விடிவதற்கு முன்பே விளக்கைப் போட்டுக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்புகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் வந்தே தீரும்.

இதற்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது. சைக்கிள் உடை பல வேலைகளைச் செய்கிறது. சீட்டுக்கும் உடம்புக்கும் நடுவே உரசலைத் தாங்குகிறது, வியர்வையை வெளியேற்றுகிறது, எதிர்க்காற்றைக் கிழிக்கிறது, வெயிலையும் மழையையும் தடுக்கிறது, பின்னால் வரும் லாரி ஓட்டுநரின் கண்ணில் நம்மைப் பட வைக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறிவியல் இருக்கிறது. கூடுதல் பணம் சில இடங்களில் கூடுதல் பலன் தருகிறது, சில இடங்களில் ஒன்றுமே தருவதில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உடம்பைத் தொடும் துணிக்குக் கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்கலாம். காற்றைத் தொடும் துணிக்கு, பந்தயத்தில் இறங்காதவர்கள், அப்படிச் செலவழிக்க வேண்டியதில்லை.

முதலில் சீட். உட்காரும்போது உடம்பின் எடையை இடுப்பெலும்பின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு எலும்பு முனைகள் தாங்குகின்றன. நாற்காலியில் தொடைகளும் அந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். சைக்கிள் சீட்டில் தொடைகள் மேலும் கீழும் இயங்க வேண்டியிருப்பதால் அந்த வசதி இல்லை. ஹேண்டில்பாரைப் பிடித்து முன்னால் குனியக் குனிய இடுப்பு உருண்டு, பாரம் எலும்பு முனைகளை விட்டு முன்பக்கமாக நகர்கிறது. அங்கே இருப்பது நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகிற மென்மையான சதை. நெடுநேரம் ஓட்டினால் மரத்துப்போவது இதனால்தான்.

பழைய காலத்துப் பந்தய வீரர்கள் கம்பளி நூலில் பின்னிய கால்சட்டை போட்டிருந்தார்கள். உள்ளே ஷாமுவா என்ற ஆல்ப்ஸ் மலையாட்டின் தோலை வைத்துத் தைத்திருப்பார்கள். அந்தத் தோலுக்கு மெத்தை வேலை கிடையாது. தையல் முண்டுகள் தொடையில் உரசாமல் வழவழப்பான ஒரு பரப்பைத் தருவதே அதன் வேலை. துவைத்துக் காய வைத்தால் அட்டைபோல விறைத்துவிடும், களிம்பு தடவிப் பிசைந்துதான் மறுபடி போட முடியும். கம்பளியோ மழையில் நனைந்ததும் தொங்கிப்போகும். 1958இல் அமெரிக்காவின் டியூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர், இழுத்தால் பல மடங்கு நீண்டு விட்டதும் பழைய நீளத்துக்கே திரும்பும் இழையை உருவாக்கினார். லைக்ரா என்ற வணிகப் பெயரில் நமக்குத் தெரிந்தது அதுதான். 1970களின் பிற்பாதியில் அது சைக்கிள் கால்சட்டைக்குள் நுழைந்தது. முதலில் கொண்டுவந்தது யார் என்பதில் சுவிட்சர்லாந்தின் அசோஸுக்கும் இத்தாலியின் காஸ்டெல்லிக்கும் இன்றுவரை போட்டி இருக்கிறது. பிறகு தோல் போய், செயற்கைத் துணியும் ஃபோமும் சேர்ந்த மெத்தை வந்தது.

இந்த மெத்தையில்தான் விலை வித்தியாசத்தின் நியாயமான பகுதி ஒளிந்திருக்கிறது. கடையில் விரலால் அழுத்திப் பார்த்து, தடிமனாகவும் மெதுமெதுவென்றும் இருப்பதை எடுப்பது பலருடைய வழக்கம். அது தவறான சோதனை. மென்மையான ஃபோம் எலும்பு முனைகளின் அடியில் முழுக்க நசுங்கிவிடும், அதற்குப் பிறகு அது இருந்தும் இல்லாததுபோலத்தான். நசுங்காத நடுப்பகுதியோ மேலே உப்பி, அழுத்தமே படக்கூடாத இடத்தில் அழுத்தும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார, அடர்த்தி மிகுந்த ஃபோம் வேண்டும். தயாரிப்பாளர்கள் அடர்த்தியைக் கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று குறிப்பிடுவார்கள். நீண்ட தூரத்துக்கான மெத்தைகளில் அது 120 கிலோ வரை போகும். அதுவும் எலும்பு முனைகளுக்கு அடியில் மட்டும். ஓரங்களில் மெலிந்து, நடுவில் பள்ளம் விட்டு, நாலாப் பக்கமும் இழுபடும் துணியால் மூடி, காற்றுப் போகத் துளையிட்டு ஒரே துண்டாக அச்சில் வார்க்கிறார்கள். மலிவான மெத்தையில் ஒரே அடர்த்தி, ஒரே தடிமன். காலோடு சேர்ந்து இழுபடாமல் தனியாக நிற்கும், மடிப்பு விழும்.

மடிப்பு விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு போடலாம். பெடல் நிமிடத்துக்கு 80 சுற்று சுற்றினால் பத்து மணி நேரத்தில் 48,000 சுற்று. அத்தனை தடவையும் தொடையின் உட்பக்கம் சீட்டின் மூக்கை உரசிக்கொண்டு போகிறது. காய்ந்த தோலைவிட ஈரத் தோலில் உரசல் அதிகம். வியர்வை ஊறிய தோலில் ஒரு மடிப்போ தையல் முண்டோ பத்தாயிரக்கணக்கான தடவை தேய்ந்தால் மேல்தோல் கழன்று, மயிர்க்கால்களுக்குள் கிருமி புகுந்து, கொப்புளமாகிறது. நம் ஊரில் மெத்தைக் கால்சட்டைக்கு உள்ளே ஜட்டியும் போட்டுக்கொள்கிறவர்கள் ஏராளம். ஈரத்தைப் பிடித்து வைக்கும் பருத்தியும் அதன் தையல்களும் அந்த மெத்தை செய்ய வந்த வேலையை அங்கேயே கெடுத்துவிடுகின்றன. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது நேரடியாகத் தோலில்தான் பட வேண்டும். கூச்சப்பட்டு யாரும் சொல்லித்தராத விஷயம் இது.

தோள்மீது போகும் பட்டைகளோடு வரும் பிப் ஷார்ட்ஸ் விலை கூடியது. அந்தப் பட்டைகள் மெத்தையை இடம் மாறாமல் மேலே இழுத்துப் பிடிக்கின்றன. இடுப்பில் எலாஸ்டிக் இறுக்காததால் குனிந்தபடி மூச்சு விடவும் சுலபம். இதெல்லாம் சைக்கிளில் குனிந்த நிலைக்கென்று வெட்டித் தைத்தவை என்பதால் கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்றால் எங்கோ இழுக்கும், அசௌகரியமாக இருக்கும். அதைக் கண்டு ஒரு அளவு பெரிதாக வாங்குகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

சரி, அந்த 20,000 ரூபாய் முழுவதும் மெத்தைக்கா? இல்லை. இத்தாலியின் எலாஸ்டிக் இன்டர்ஃபேஸ் போன்ற சில நிறுவனங்கள்தான் உலகத்தின் பல பிராண்டுகளுக்கும் மெத்தை செய்து தருகின்றன. அதே நிறுவனத்தின் மெத்தை நடுத்தர விலைக் கால்சட்டையிலும் இருக்கலாம், உச்ச விலையிலும் இருக்கலாம். மீதிப் பணம் இறுக்கமாகப் பின்னிய துணிக்கும், ஐரோப்பியக் கூலிக்கும், குறைந்த எண்ணிக்கையில் தயாரிப்பதன் செலவுக்கும், பந்தய அணிகளுக்கு உடை வழங்கும் விளம்பரத்துக்கும் போகிறது. அதனால் மலிவு விலையிலிருந்து நடுத்தர விலைக்கு ஏறும்போது உடம்புக்குத் தெரியும் மாற்றம் பெரிது. நடுத்தரத்திலிருந்து உச்சத்துக்கு ஏறும்போது அது மிகச் சிறிது.

ஓட்டும் தூரமும் கணக்கில் வர வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு 1,500 ரூபாய்க் கால்சட்டையே போதும். பிரான்ஸின் ஓடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிப்படி நடக்கும் ‘பிரிவே’ என்ற நெடுந்தூர ஓட்டங்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்திலும் 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். அதில் இறங்குகிறவர் கால்களில் வலு மிச்சம் இருந்தும் உட்கார முடியாமல் வழியில் விலக நேரலாம். அவர் வாங்கும் நல்ல பிப் ஷார்ட்ஸை ஆடம்பரம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அப்போதும் விலைச்சீட்டைவிட உடம்பின் அமைப்பே முக்கியம். எலும்பு முனைகளுக்கு இடையேயான அகலம் ஆளுக்கு ஆள் மாறும். சராசரியாகப் பெண்களுக்கு அது கூடுதல். ஆண்களுக்கான மெத்தை வைத்த உச்ச விலைக் கால்சட்டையைவிட, பெண் உடம்புக்கென்று வடிவமைத்த நடுத்தர விலைக் கால்சட்டை ஒரு பெண்ணுக்கு நிச்சயம் மேல். நம் கடைகளில் பெண்களுக்கான வகைகள் குறைவாகவே இருப்பது உண்மையான குறை.

அடுத்தது வியர்வை. உடம்பு ஒரு திறன் குறைந்த இயந்திரம். தின்ற உணவின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். சாதாரண வேகத்தில் 100 வாட் திறனோடு மிதிக்கிறவரின் உடம்பில் ஏறத்தாழ 350 வாட் வெப்பம் உண்டாகும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆக, அந்த 350 வாட்டை வியர்வை மட்டுமே வெளியேற்ற வேண்டுமானால் மணிக்கு அரை லிட்டர் ஆவியாக வேண்டும். ஆவியாக வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். சொட்டிக் கீழே விழும் வியர்வை உடம்பிலிருந்து தண்ணீரை எடுக்கிறதே தவிர வெப்பத்தை எடுப்பதில்லை.

ஆவியாகும் வேகத்தைத் தீர்மானிப்பது, ஈரத் தோலின் மேலுள்ள நீராவி அழுத்தத்துக்கும் சுற்றியுள்ள காற்றின் நீராவி அழுத்தத்துக்கும் இடையேயான வித்தியாசம். 28 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கடலோர விடியற்காலையில், இந்த வித்தியாசம் 35 டிகிரி வெப்பமும் 20 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள வறண்ட ஊரில் இருப்பதில் பாதி சொச்சம்தான். வெயிலே ஏறாத அந்த நேரத்திலும் சென்னைக்காரர் தொப்பலாக நனைவதற்குக் காரணம் இது. எந்த விலைத் துணியும் இந்த வித்தியாசத்தைக் கூட்ட முடியாது. ஓட்டும்போது உண்டாகும் காற்றுத்தான் உண்மையில் உதவுகிறது.

"வியர்வையை இழுக்கும் துணி" என்ற விளம்பரத்தில் பாதி உண்மை இருக்கிறது. பருத்தி நூல் சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தை உள்ளுக்குள் வைத்திருக்கும். பாலியெஸ்டர் நூல் அரை விழுக்காடுகூட வைத்துக்கொள்ளாது. பாலியெஸ்டரில் வியர்வை நூலுக்குள் ஊறாமல் நூல்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் நுண்புழை விசையால் ஏறிப் பரவுகிறது. பரப்பு கூடுவதால் சீக்கிரம் காய்கிறது, உடம்போடு ஒட்டிப் பிசுபிசுப்பதில்லை. ஆனால் உடம்பின் உள்வெப்பநிலை குறைகிறதா? மிதமான வெப்பத்தில் உடற்பயிற்சி செய்தவர்களைப் பருத்தியிலும் செயற்கைத் துணியிலும் வைத்துப் பார்த்து 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, வெப்பச் சீராக்கத்தில் துணியின் வகை வித்தியாசம் எதையும் ஏற்படுத்தவில்லை என்று கண்டது. கிடைப்பது குளிர்ச்சியைவிட சௌகரியம்தான். அந்தச் சௌகரியம் பெறுமதியானதே. ஊட்டியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ இறக்கத்தில் வரும்போது நனைந்த பனியன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு நடுக்குவதை அனுபவித்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

இந்தச் சௌகரியத்துக்கு அதிகம் செலவாகாது. மெல்லிய பாலியெஸ்டர் பின்னல் இன்று உலகத்தின் மிக மலிவான துணிகளில் ஒன்று. பருத்திப் பின்னலாடைக்குப் பேர்போன திருப்பூரிலேயே பாலியெஸ்டர் விளையாட்டு உடைகளும் இப்போது உருவாகின்றன. நன்றாக வெட்டித் தைத்த, முன்பக்கம் முழு ஜிப்பும் முதுகில் மூன்று பைகளும் உள்ள ஜெர்சி ஒன்று, ஐரோப்பிய ஜெர்சி செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். வெயிலுக்கும் அப்படித்தான். யுபிஎஃப் 50 என்று அச்சிட்ட துணி, புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும். மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டையின் யுபிஎஃப் எண் பத்தைக்கூடத் தொடாது, நனைந்தால் இன்னும் குறையும். சில நூறு ரூபாய்க்கு விற்கும் முழுக்கை நீளத் துணிக் குழாய்கள் கைகளுக்கு இந்தப் பாதுகாப்பைத் தந்துவிடுகின்றன.

இனிக் காற்று. விலையுயர்ந்த உடைகளின் விளம்பரம் முழுவதும் இங்கேதான் நடக்கிறது. எதிர்க்காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும், அதை வெல்லத் தேவையான திறன் மும்மடியாக ஏறும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் எட்டு மடங்கு திறன் வேண்டும். அந்தத் தடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஓட்டுகிறவரின் உடம்பால் வருவது, சைக்கிளால் வருவது மிச்சம் மட்டுமே. அதனால்தான் உடைமீது இவ்வளவு அக்கறை.

மனிதக் கையும் காலும் காற்றுக்கு உருளைகள்தான். உருளையைச் சுற்றிப் போகும் காற்று பின்பக்கம் ஒட்டாமல் பிரிந்து போகும்போது அங்கே அழுத்தம் குறைந்து உருளையைப் பின்னால் இழுக்கிறது. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போனால், பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம் கொந்தளிப்பாக மாறி, பிரியாமல் இன்னும் கொஞ்சத் தூரம் ஒட்டிக்கொண்டு போகும். இழுவை சட்டென்று விழும். பாரிஸில் கோபுரம் கட்டிய அதே குஸ்தாவ் ஐஃபல் தன் காற்றுச் சுரங்கத்தில் 1912இல் கோளங்களை வைத்து இதைக் கண்டார். 1914இல் ஜெர்மனியின் லுட்விக் பிராண்டில், கோளத்தில் ஒரு கம்பி வளையத்தைச் சுற்றிப் பரப்பைச் சொரசொரப்பாக்கினால் குறைந்த வேகத்திலேயே இந்த மாற்றத்தை வரவழைக்கலாம் என்று காட்டினார். கோல்ஃப் பந்தின் குழிகள் செய்யும் வேலை அதுவே. பந்தய உடைகளின் தோளிலும் கையிலும் காணும் வரிகளும் புள்ளிகளும் அதற்காகவே.

இது வெறும் விளம்பரமல்ல. 2017 ஜூலை 1 அன்று டூர் டி பிரான்ஸ் ஜெர்மனியின் டுசல்டார்ஃபில், ஒவ்வொருவராகத் தனித்தனியே கடிகாரத்தோடு போட்டியிடும் 14 கிலோமீட்டர் தனிநேர ஓட்டத்தோடு தொடங்கியது. முதலில் வந்த ஜெரெய்ன்ட் தாமஸும் ஸ்கை அணியின் மற்றவர்களும் தோளிலும் கையிலும் புள்ளிகள் பொறித்த காஸ்டெல்லி உடையை அணிந்திருந்தார்கள். அது விதிமீறல் என்று பிரெஞ்சு அணி ஒன்றின் விளையாட்டு அறிவியலாளர் ஃபிரெட் கிராப் புகார் சொன்னார். நடுவர்கள் தண்டனை எதுவும் தரவில்லை. ஆனால் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உலக சைக்கிள் கூட்டமைப்பு, உடைத் துணியின் சொரசொரப்பு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. நொடிகளில் வெற்றி தோல்வி மாறும் உலகம் அது. 1989 டூரில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய பிறகு கிரெக் லெமாண்ட் எட்டே நொடிகளில் லோரான் ஃபின்யோனை வென்றார். கடைசி நாள் தனிநேர ஓட்டத்தில் லெமாண்ட் காற்றைக் கிழிக்கும் ஹெல்மெட்டும் முன்னால் நீட்டிப் பிடிக்கும் கைப்பிடியும் வைத்திருந்தார். ஃபின்யோன் வெறுந்தலையோடு, குதிரைவால் கூந்தல் காற்றில் பறக்க ஓட்டினார்.

அவர்கள் ஓட்டும் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் சொச்சம். நாம் ஓட்டுவது 25. இங்கே இரண்டு விஷயங்கள் மாறிவிடுகின்றன. முதலாவது, சொரசொரப்பான துணியின் மாயம் குறிப்பிட்ட வேகத்தில்தான் பலிக்கும். 50 கிலோமீட்டர் வேகத்தில் கையைச் சுற்றிய காற்றுப் படலத்தைக் கொந்தளிக்க வைக்கும் வரிகள், அதில் பாதி வேகத்தில் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. நாம் கொடுத்த காசுக்குத் துணியில் கோடுகள் மட்டும் மிஞ்சும். இரண்டாவது, மிச்சமாகும் திறனின் அளவு. நல்ல உடை காற்றுத்தடையை 5 விழுக்காடு குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குனிந்து ஓட்டுகிற சராசரி ஆளுக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை வெல்லச் சுமார் 255 வாட் வேண்டும், அதில் மிச்சம் ஏறத்தாழ 13 வாட். 25 கிலோமீட்டர் வேகத்தில் தேவை 62 வாட், மிச்சம் 3 வாட்.

இதே கணக்கில் உடை விற்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது சரியாகாது. 40 கிலோமீட்டர் தூரத்தை எடுத்துக்கொண்டால், அந்த 5 விழுக்காட்டால் வேகமானவருக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக மிச்சமாகும், மெதுவாகப் போகிறவருக்கோ ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். அதிக நேரம் சாலையில் இருப்பதால் வரும் விளைவு இது. கணக்கு சரிதான். ஆனால் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ஒன்றரை நிமிடத்துக்காகப் பல ஆயிரம் கொடுப்பதா என்று கேட்டால், செலவே இல்லாத வழிகள் அதைவிடப் பெரிய லாபம் தருகின்றன. முழங்கையை மடித்து, தலையைத் தாழ்த்தி, ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியைப் பிடித்தால் தடை 20 விழுக்காடு குறைவது சாதாரணம். 25 கிலோமீட்டர் வேகத்தில் அது 12 வாட், உடை தந்ததைப்போல நான்கு மடங்கு. முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போனால் தடையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல்போகும். பெருங்கூட்டத்தின் நடுவே போகும் வீரர், தனியாகப் போனால் சந்திக்கும் தடையில் 5 முதல் 10 விழுக்காட்டை மட்டுமே சந்திக்கிறார் என்று 2018இல் நெதர்லாந்தின் பெர்ட் ப்ளாக்கன் குழு காட்டியது.

உடையில் காற்றுக்காக உண்மையிலேயே செய்ய வேண்டியது ஒன்றுதான்: படபடக்காமல் உடம்போடு பொருந்தியிருக்க வேண்டும். தொளதொளவென்ற டி-ஷர்ட்டிலிருந்து பொருத்தமான ஜெர்சிக்கு மாறும் அந்த முதல் படியில்தான் பெரிய லாபம் இருக்கிறது. அதற்கு அளவு சரியாக இருந்தால் போதும், பிராண்ட் வேண்டாம். எடை குறைந்த உடை என்ற விளம்பரத்துக்கு ஒரு வரி போதும். சைக்கிளும் ஆளுமாக 80 கிலோ மலையேறும்போது உடையில் 100 கிராம் குறைந்தால், ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது நான்கைந்து நொடி.

மழைக்கோட்டு விஷயத்தில் நான் இன்னும் கறாராகவே சொல்வேன். 1969இல் பாப் கோர் டெஃப்லானைச் சட்டென்று இழுத்து, நுண்துளைகள் நிறைந்த மெல்லிய படலமாக்கினார். கோர்டெக்ஸ் அங்கிருந்து வந்தது. தண்ணீர்த் துளி நுழையாது, நீராவி வெளியேறும். ஐரோப்பியக் குளிர் மழைக்கு அருமையான கண்டுபிடிப்பு. வடகிழக்குப் பருவமழையின் 26 டிகிரியில், காற்றே ஈரத்தில் ஊறியிருக்கும்போது, மணிக்கு அரை லிட்டர் வியர்ப்பவரின் நீராவியை அந்தப் படலத்தால் வெளியேற்றி முடியாது. மேல் துணி நனைந்து ஊறிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். கோட்டுக்கு வெளியே மழை, உள்ளே வியர்வை, இரண்டிலும் நனைவதுதான் நடக்கும். சமவெளியில் மழையில் நனைந்துகொண்டே ஓட்டலாம். நீலகிரியில் ஓட்டுகிறவர்கள் காற்றுப் புகாத மெல்லிய மேலங்கி ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டால் போதும்.

வாங்கிய உடை எத்தனை நாள் உழைக்கிறது என்பதும் விலையின் ஒரு பகுதிதான். லைக்ரா இழைக்குச் சூடும் குளோரினும் வெயிலும் ஆகாது. வெந்நீரில் ஊறவைத்து, ப்ளீச் போட்டு, மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டால் இழைகள் அறுந்து, துணி தொங்கி, பின்பக்கம் கண்ணாடிபோலத் தெரிய ஆரம்பிக்கும். துணியை மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். அது நூல்மீது படிந்து, வியர்வை ஏறும் நுண்ணிய வழிகளை அடைத்துவிடும். குளிர்ந்த நீர், குறைவான சோப்பு, நிழல். இப்படிப் பார்த்துக்கொண்டால் நடுத்தர விலைக் கால்சட்டை பல ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கும், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவாகவே செலவாகும். மெத்தை நசுங்கித் தட்டையானதும், துணி எப்படி இருந்தாலும், அதை மாற்றிவிட வேண்டும்.

கடைசியாகப் பிறர் கண்ணில் படுவது. சைக்கிள் உடைகளைப் பற்றி நடந்த ஆய்வுகளில் உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை இங்கேதான் இருக்கின்றன. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6,793 சைக்கிள்காரர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பளிச்சென்ற மஞ்சள் மேலங்கி கொடுத்து, ஓர் ஆண்டு கவனித்தார்கள். இன்னொருவரோடு மோதிக் காயமடைந்த விபத்துகள் மேலங்கிக் குழுவில் 47 விழுக்காடு குறைவு. தாங்களாகவே விழுந்த விபத்துகளையும் அந்தக் குழு குறைவாகத்தான் தெரிவித்திருந்தது. விழுவதற்கும் மேலங்கியின் நிறத்துக்கும் சம்பந்தமில்லை என்பதால், தகவல் தருவதில் சாய்வு இருக்கலாம் என்று அதைக் கழித்துப் பார்த்தார்கள். அப்போதும் 38 விழுக்காடு மிஞ்சியது. கண்ணில் படுவது என்றால் இடம் விட்டுப் போவார்கள் என்று அர்த்தமல்ல. இங்கிலாந்தில் இயன் வாக்கர் வேறு வேறு உடைகளில் ஓட்டச் செய்து அளந்தபோது, முந்திச்செல்லும் வாகனங்கள் விட்ட இடைவெளி ஏறத்தாழ மாறவே இல்லை. போலீஸை நினைவூட்டும் மேலங்கிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக விலகினார்கள்.

பளிச்சென்ற அந்த மஞ்சள், சூரியனின் புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுவதால் மின்னுகிறது. இரவில் அந்தக் கதிர் இல்லை. இருட்டில் வேலை செய்வது, நுண்ணிய கண்ணாடி மணிகளால் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பட்டை. அதை எங்கே கட்டுகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. 1973இல் ஸ்வீடனின் உளவியலாளர் குன்னர் யோஹான்சன், மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் வைத்து இருட்டில் ஒருவரை நடக்க விட்டால், பார்ப்பவர்கள் நொடிக்குள் மனிதன் என்று கண்டுகொள்கிறார்கள் எனக் காட்டினார். மனித மூளை மூட்டுகளின் அசைவை அவ்வளவு கூர்மையாக அறியும். இதைச் சைக்கிளுக்குப் பொருத்திப் பார்த்த ஆய்வு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2012இல் வெளியானது. இரவில் கார் ஓட்டியவர்கள், கறுப்பு உடையில் இருந்த சைக்கிள்காரரை 2 விழுக்காடு தடவைதான் கண்டுகொண்டார்கள். ஒளிரும் வண்ண மேலங்கிக்கு 15, ஒளியைத் திருப்பும் பட்டை வைத்த மேலங்கிக்கு 50. அதே மேலங்கியோடு முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டை கட்டியபோது 90.

உச்ச விலைச் சைக்கிள் உடைகளில் பெரும்பகுதி இன்றும் கறுப்பும் கருநீலமுமாகவே வருகிறது. கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நான்கு பட்டைகள் வாங்கச் சில நூறு ரூபாய் போதும். விடியுமுன் சாலையில் இறங்குகிறவர் முதலில் வாங்க வேண்டியது அதைத்தான். மெத்தைக் கால்சட்டைக்குச் சேர்த்த பணத்தில் அதற்குப் பிறகும் ஏறக்குறைய முழுவதும் மிச்சம் இருக்கும்.